பூச்சியம் புழங்காத வீடு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருந்தது சாருஜாவின் வீடு. யார் வந்தாலும் தேத்தண்ணீர் கிடைக்கும், பலகாரம் கிடைக்கும். பூச்சியத்துக்கு மட்டும் அங்கே வாசற்படி ஏற அனுமதியில்லை.

அரிசி தீர்ந்தால் "அரிசி இல்லை" என்று அந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. "அரிசி நிறைஞ்சிட்டுது" என்றுதான் சொல்ல வேண்டும். உப்பும் சீனியும் அப்படியே நிறையும். ஒருநாள் கறி பாதி கொதிக்கும்போது அடுப்பு அணைந்துவிட, அம்மா ஜீவராணி முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் "காஸ் நிறைஞ்சிட்டுதடி" என்றாள். அப்பா சந்திரகுமார் புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி முன்னால் நின்று தன் வழுக்கையைத் தடவி, "ஜீவா, இதுவும் நிறைஞ்சிட்டுது" என்றார். அன்று அவருக்கு இரண்டாவது தரம் சோறு போடப்படவில்லை.

எண்ணும்போதும் சட்டம் உண்டு. நெல் அளக்கிறவர்களைப் போல முதலாவதை அம்மா "லாபம்" என்றுதான் சொல்லுவாள். லாபம், இரண்டு, மூன்று. முதலாம் வகுப்பில் ரீச்சர் எண்ணச் சொன்னபோது சாருஜாவும் கணீரென்று "லாபம்" என்று தொடங்கி, அன்றைக்கே மூலையில் நிறுத்தப்பட்டவள்.

ஜீவராணியின் தொழில் கலியாணத் தட்டு அலங்காரம். சேலையை மயிலாக மடிப்பாள். ஆப்பிளுக்குப் பாவாடை கட்டுவாள். பயற்றம் பணியாரத்தைக் கோபுரமாக அடுக்குவாள். ஏழு தட்டு, ஒன்பது தட்டு, பதினொரு தட்டு என்று எப்போதும் ஒற்றையில்தான் போகும். அவற்றோடு, எதிர்ப்பக்கத்தார் வெற்றிலை வைத்துத் திருப்பித் தருவதற்காக, ஒன்றும் வைக்காத தட்டு ஒன்றும் கூடவே போகும். அது கணக்கில் வராது. அதை வெறுந்தட்டு என்று சொல்லவும் கூடாது. அந்த வீட்டில் அதற்குப் பெயர் "மற்றது".

"எல்லாம் ஏத்தியாச்சோ?"

"ஒன்பதும் ஏத்தியாச்சம்மா."

"மற்றது?"

"மற்றதும் ஏத்தியாச்சு."

இப்படி வளர்ந்த பிள்ளைதான் இருபத்தெட்டு வயதில் ஜிமேட் பரீட்சை எழுதப் போய், இரண்டு தடவை மண்ணைக் கவ்வியிருந்தாள்.

சாருஜா ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்தாள். ஜிமேட்டில் கேட்ட புள்ளியை எடுத்தால் ஒரு வருடம் சிங்கப்பூரில் எம்.பி.ஏ. படிக்கக் கம்பனியே அனுப்பும். வீட்டில் அம்மாவின் கையிலோ டொரொன்டோவிலிருந்து ஒரு பல் டொக்டர் இருந்தார். பொருத்தம் எட்டு. படம் பார்த்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாய் கிழமைக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் எடுத்து, "அப்ப என்ன மாதிரி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவையும் சாருஜா தோற்றுவந்த அன்று தாயும் மகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

"கடைசித் தரம். எடுத்தியெண்டால் உன்ர வாழ்க்கை உன்ர விருப்பம். படிச்சாலும் சரி, ஆரைக் கட்டினாலும் சரி, நான் வாய் திறக்கமாட்டன். எடுக்கேல்லையெண்டால் டொரொன்டோவுக்கு ஓம் சொல்லோணும்."

"ஓம்," என்றாள் சாருஜா.

"இப்ப சொன்ன ஓம் எதுக்கு?"

"ஒப்பந்தத்துக்கம்மா. டொரொன்டோவுக்கில்லை."

"சாட்சி பதியப்பட்டது," என்றார் அப்பா, பேப்பருக்குப் பின்னால் இருந்து.

* * *

காலி வீதியில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் கிளறன்ஸின் வகுப்பு நடந்தது. கிளறன்ஸுக்கு முப்பத்தொரு வயது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம். கிழமை நாட்களில் துறைமுகத்தில் கப்பல் பெட்டிகளுக்குக் கணக்குப் பார்ப்பவன், சனி ஞாயிறுகளில் இங்கே ஜிமேட் கணக்குப் படிப்பித்தான். கீழே சேலை உதறும் சத்தமும் "இந்தக் கலர்ல வேற டிசைன் காட்டுங்கோ" என்ற குரலும் மேலே தெளிவாகக் கேட்கும். அதற்கு மேலாகக் கத்திக் கத்தியே அவனுக்கு மேடைப் பேச்சாளனின் தொண்டை வந்திருந்தது.

அந்தப் பரீட்சையில் ஒரு வகைக் கேள்வி உண்டு. விடை என்ன என்று கேட்கமாட்டார்கள். இரண்டு கூற்றுகளைத் தந்து, விடையைச் சொல்ல இவை போதுமா என்று மட்டும் கேட்பார்கள். பொம்பிளையைக் கண்ணாலும் பார்க்காமல், சாதகத்தை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு "போதும், பொருந்தும்" என்று சாத்திரியார் சொல்லுகிற மாதிரித்தான். சாருஜா சறுக்கியதெல்லாம் இந்த இடத்தில். அதிலும் ஒற்றை, இரட்டை, வகுபடும், வகுபடாது என்று வந்துவிட்டால் அவளுக்குப் பிழைக்கு மேல் பிழைதான்.

அன்று கிளறன்ஸ் அவளுடைய பயிற்சித் தாள்களைத் திருப்பிக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே பலகைக்குப் போனான்.

"சாருஜா, இதுக்குப் பதில் சொல்லுங்க. n ஒரு முழு எண். பத்த விடச் சின்னது. மைனஸ் இல்ல. ஏழால மீதியில்லாம வகுபடும். n ஒற்றையா, இல்லயா? சொல்ல இவ்வளவு போதுமா?"

"போதும். n ஏழு. ஏழு ஒற்றை."

"வேற ஆருமில்லயா?"

"பத்துக்குள்ள வேற ஆர்? பதினாலு வெளியில."

"இன்னொருத்தர் இருக்கார். வாசல்ல நிக்கிறார். நீங்கதான் கதவத் திறக்க மாட்டேங்கிறீங்க." பலகையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டான். "இவர ஏழால வகுங்க."

சாருஜா வாயைத் திறந்து மூடினாள். பழக்க தோஷம்.

"சொல்லுங்க. கெட்ட வார்த்தை இல்ல."

"பூச்... பூச்சியம்."

"மீதி?"

"மீதியும் அதுதான்."

"அப்ப ஏழால வகுபடுறார். ரெண்டால வகுத்தாலும் மீதியில்ல. அப்ப அவர் இரட்டை. ஒருத்தர் ஒற்றை, மற்றவர் இரட்டை, ரெண்டு பேருமே கேள்விக்குப் பொருந்துறாங்க. கூற்று போதாது." தாள்களை அவள் மேசையில் வைத்தான். "நீங்க விட்ட பிழை எல்லாத்தையும் பாத்தன். இருபது இடத்தில இருபது கள்ளன் இல்ல. ஒரே கள்ளன். ஒன்டு, ரெண்டு, மூன்டு போட்டுப் பாக்கிறீங்க, சரி வருது, உடனே டிக் போடுறீங்க. பூச்சியத்த ஒரு இடத்திலயும் போட்டுப் பாக்கல்ல. உங்கட வீட்டில அவரோட என்ன கோவம்?"

பின்வரிசை வாங்கிலிருந்து மாளிகாவத்தை றமீலா கையைத் தூக்கினாள். "சேர், அவட வீட்ட பூச்சியம் ஹராம். நான் போய்ப் பாத்த. தேங்கா முடிஞ்சா 'தேங்கா நிறைஞ்சிட்டு' எண்டு சொல்ற. நானும் நம்பி ஒரு பாதி கேட்டுட்டு நிண்ட."

வகுப்பு உருண்டு சிரித்தது. கீழே சேலைக்கடையில் யாரோ என்னவோ என்று மேலே எட்டிப் பார்த்தார்கள்.

கிளறன்ஸ் சிரிக்கவில்லை. அதுதான் சாருஜாவுக்கு அவனிடம் பிடித்த விஷயங்களில் ஒன்று. மற்றவர்கள் சிரித்து முடியும் வரை காத்திருந்து, பிறகு தனியாகச் சிரிப்பான், அதுவும் கண்ணால் மட்டும்.

"இன்னும் ஒன்டு," என்றான். "ரெண்டு கூற்றும் ஒருநாளும் ஒன்ட ஒன்டு பொய்யாக்காது. பரீட்சை வைக்கிறவன் அவ்வளவு கெட்டவன் இல்ல. ரெண்டும் சண்டை பிடிக்கிற மாதிரி தெரிஞ்சா, சண்டை அங்க இல்ல. நீங்க ஆரயோ எண்ணாம விட்டுட்டீங்க."

வகுப்பு முடிந்து பஸ் தரிப்பிடம் வரை இருவரும் நடந்தார்கள். அவளுடைய வீடு எதிர்ப்பக்கம். இது இருவருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

"இந்தத் திங்கள் இல்ல, மற்றத் திங்கக்கிழமை பரீட்சை, என்ன?" என்றான்.

"ஓம்."

"எடுத்தா சிங்கப்பூர். எடுக்காட்டி டொரொன்டோ. எனக்கு ரெண்டும் கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு ஆள் அனுப்புற வேலைதான்."

"சிங்கப்பூர் ஒரு வருசம்தான்," என்றாள் சாருஜா, நடைபாதையில் இருந்த மாம்பழக் கூடையைப் பார்த்து. "டொரொன்டோதான் திரும்பி வராத இடம்."

மாம்பழக்காரர் தன்னிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்து "கன்ன, மிஸ், கன்ன" என்று சிங்களத்தில் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு துண்டை வெட்டி நீட்டினார். கிளறன்ஸ் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு யோசித்தான். அவன் பதில் சொல்லுவதற்குள் கொட்டாஞ்சேனைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது. கொழும்பில் தேவைப்படும்போது வராத பஸ், இப்படியான நேரங்களில் மட்டும் சொல்லிவைத்த மாதிரி வரும்.

* * *

வெள்ளிக்கிழமை காலை அம்மாவுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு நிச்சயதார்த்த வேலை. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்பது தட்டு. உதவிக்கு வருகிற பெண்ணுக்குக் காய்ச்சல் என்பதால் சாருஜா அரைநாள் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு ஓட்டோ. ஒன்றில் தட்டுகளும் அம்மாவும், மற்றதில் தட்டுகளும் அவளும். மடியில் சேலை மயில். ஒவ்வொரு பள்ளத்திலும் மயில் பறக்கப் பார்த்தது. "ஹெமின், அய்யே, ஹெமின்!" என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

மாப்பிள்ளை வீட்டு முன்கூடத்தில் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். ஊர்வலம் புறப்படத் தயார். ராகு காலம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் சின்னராசா பட்டு வேட்டியும் கையில் மணிக்கூடுமாக வந்து, விரலை நீட்டித் தட்டுகளை எண்ணினார். எண்ணி முடித்தவர் மறுபடி எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினார். பிறகு ஒரு சத்தம் போட்டார். ஒழுங்கை முழுவதும் ஜன்னல் திறந்தது.

"என்னாம்மா இது? பத்து இருக்கு! நல்ல காரியத்துக்கு ரெட்டப்படையாவா கொண்டாந்து வைப்பீங்க?"

"ஒன்பதுதானே அண்ணை," என்றாள் ஜீவராணி. "அது மற்றது."

"எது மத்தது?"

"அதுதான், அந்த... மற்றது."

"அம்மா, எனக்குக் கண்ணு இருக்கு. தட்டுன்னா தட்டு. பத்து!"

"அண்ணை, முப்பது வருசமாச் செய்யிறன். அதை ஒருத்தரும் எண்ணுறதில்லை."

"எங்கூட்டுல எண்ணுவோம்!"

மாப்பிள்ளை ஒரு பக்கம் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாப்பிள்ளையின் அம்மா கண்ணைக் கசக்கத் தொடங்கியிருந்தார். வெறுந்தட்டை எடுத்துவிடலாம் என்றால், அது இல்லாமல் வெற்றிலை மாற்ற முடியாது. எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது, ஏன் என்று வாய் திறந்து சொல்லவும் அம்மாவால் முடியாது. அந்தச் சொல்லை அவள் சொன்னதே இல்லை.

அப்போது எதிர்வீட்டு வாசலில், துறைமுகத்தில் இரவு வேலை முடிந்து வந்த கோலத்தில், இடுப்பில் சாரத்தோடும் கையில் பிளேன்டீயோடும் ஒருவன் நிற்பதைச் சாருஜா கண்டாள். அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். பிறகு, அவனுடைய சாரத்தில் இருந்த கிளிகளைப் பார்த்ததும், சிரிப்பு.

கிளறன்ஸ் டீயை மதிலில் வைத்துவிட்டுக் கடந்து வந்தான். "அங்கிள், அந்தத் தட்டுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப பூச்சியம். ஒன்பதோட பூச்சியத்தக் கூட்டினா ஒன்பது. அன்ரி சரி."

அந்தச் சொல், நிச்சயதார்த்த வீட்டில், மாலை போட்ட மாப்பிள்ளைக்கு முன்னால், சத்தமாகச் சொல்லப்பட்டதைக் கேட்டு ஜீவராணி காதைப் பொத்திக்கொண்டாள்.

சின்னராசா அசையவில்லை. "ஏந்தம்பி, நம்ம தட்டை எண்ணுறமா, தட்டுல இருக்கறதை எண்ணுறமா?"

கிளறன்ஸ் வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே இருந்தது. வகுப்பில் ஒருநாளும் காணாத அந்தக் காட்சியைச் சாருஜா ஆசை தீரப் பார்த்தாள். என்னத்தை எண்ணுகிறோம் என்று சொல்லாத கேள்விக்கு ஜிமேட் சூரனாலும் பதில் சொல்ல முடியாது.

"அங்கிள் சொல்றதும் சரி," என்றான் கடைசியில்.

"ரெண்டு பேரும் எப்பிடிச் சரியாகிறது?" என்றாள் அம்மா, காதை விடுவித்து.

சாருஜாதான் முன்னுக்கு வந்தாள். "அம்மா, எடுக்க ஏலாட்டில் கூட்டுவம். நிரப்பின தட்டு இன்னும் ஒண்டு. உங்கட கணக்கில பத்து ஆகும்தான். ஆனால் உங்கட வேலை முடிஞ்சுது, இனி இது அவையின்ர வீடு. அவையின்ர கணக்கில பதினொண்டு. எண்ணுறது அவை."

அம்மா யோசித்தாள். சின்னராசாவும் யோசித்தார். ராகு காலம் யோசிக்காமல் வந்துகொண்டிருந்தது.

"தட்டு ஓட்டோவில மிச்சம் இருக்கு," என்றாள் அம்மா. "அதில வைக்கிறதுக்குத்தான் ஒண்டும்..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வைக்கிறதெல்லாம் நிறைஞ்சிட்டுது."

கிளறன்ஸ் ஏற்கெனவே ஓடிவிட்டான். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய கோழிக்கூட்டு வாழைப்பழச் சீப்பு. அவனுடைய வீட்டுக் குசினியில் தொங்கியது. பின்னால் "டேய், அது எனக்கு!" என்று அவனுடைய அம்மாவின் குரல் துரத்தி வந்தது. ஜீவராணி மின்னல் வேகத்தில் அதற்கு ஒரு பட்டு நாடா கட்டினாள். சின்னராசா குனிந்து பழங்களை எண்ணினார்.

"இதுவும் ரெட்டை! பதினாலு!"

கிளறன்ஸ் ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்து, எல்லார் முன்னிலையிலும் மூன்று கடியில் தின்றான். "இப்ப?"

சின்னராசா மறுபடி எண்ணினார். முகம் மலர்ந்தது. "பதிமூணு. பொறப்படுங்க!"

நாதஸ்வரம் தொடங்கியது. தோலை எங்கே போடுவது என்று தெரியாமல் கிளறன்ஸ் அதைக் கிளிச் சாரத்தின் மடிப்புக்குள் ஒளித்தான்.

திரும்பி வரும்போது ஒரே ஓட்டோ. கோட்டைப் பக்கம் வந்து சேர்ந்ததும் அம்மா கேட்டாள்.

"ஆரடி அந்தப் பெடியன்?"

"கணக்குப் படிப்பிக்கிறவர், அம்மா. நான் சொன்னனான்தானே, கிளறன்ஸ்."

"வாய் கொஞ்சம் கூட."

"ஓம்."

"ஓடிப்போய்ப் பழம் கொண்டு வந்தவன், என்ன."

"ஓம்."

"கணக்கு மட்டுமோ படிப்பிக்கிறவன்?"

சாருஜா வீதியைப் பார்த்தாள். கடல் தெரியத் தொடங்கியிருந்தது. அம்மா தன்பாட்டில் சொன்னாள், "வேதக்காரர். நானும் செவ்வாய்க்கிழமையில அந்தோனியாரிட்டப் போறனான்தான். அது வேற, இது வேற." பிறகு குரலை இறுக்கினாள். "ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். திங்கக்கிழமை எடுக்காட்டில் டொரொன்டோ. பழம் திண்டு காட்டினதுக்கெல்லாம் மாத்தமாட்டன்."

* * *

பரீட்சை நிலையத்தில் ஏசி குளிர் மூளை வரைக்கும் போனது. சாருஜாவுக்கு முன்னால் திரை, பக்கத்தில் எழுதி அழிக்கும் பலகை. பலகையின் மேல் மூலையில் முதலில் ஒரு வட்டம் போட்டுவைத்தாள். பக்கத்தில் மைனஸ் ஒன்று. இரண்டு விருந்தாளிகளுக்கும் கதிரை போட்டாகிவிட்டது.

கேள்விகள் வந்தன. அடுத்தடுத்த மூன்று முழு எண்களின் பெருக்கம் ஆறால் வகுபடுமா என்று ஒன்று. மூன்றில் ஒன்றாவது இரட்டை, ஒன்று மூன்றின் மடங்கு. ஓம். மைனஸ் ஒன்று, பூச்சியம், ஒன்று என்று போட்டும் பார்த்தாள். பெருக்கம் பூச்சியம், அதுவும் ஆறால் வகுபடும். ஓம்தான். எதிர்மறை எண்ணோடு ஒன்று, மீதியோடு ஒன்று. வீட்டில் லட்டு அடுக்கும்போது மீதியையெல்லாம் வாய்க்குள் போட்டு வளர்ந்தவள் என்பதால், மீதிக் கணக்கு அவளுக்குப் பிரச்சினை இல்லை.

முடிவுக்குக் கிட்ட அது வந்தது.

x ஒரு முழு எண். x ஒற்றையா? முதலாவது கூற்று: மூன்று x ஐ ஒன்றோடொன்று பெருக்கினால் x தான் வரும். இரண்டாவது கூற்று: x ஐந்தால் வகுபடும்.

கை பழக்கத்தில் ஓடியது. முதலாவதுக்கு ஒன்று சரி. மைனஸ் ஒன்றும் சரி. இரண்டும் ஒற்றை. அப்ப முதலாவது மட்டும் போதும், டிக். விரல் மவுஸை அழுத்தப் போய்விட்டது.

நின்றாள். இரண்டாவதையும் பார்த்தாள். ஐந்தால் வகுபடும். ஐந்து, பத்து, பதினைந்து. ஆனால் ஒன்று ஐந்தால் வகுபடாதே? மைனஸ் ஒன்றும் வகுபடாதே? அப்படியென்றால் இரண்டு கூற்றும் ஒன்றோடொன்று சண்டை. அது நடக்காது.

சண்டை அங்கே இல்லை. யாரையோ எண்ணாமல் விட்டாகிவிட்டது.

கொட்டாஞ்சேனை முன்கூடம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒன்பது தட்டுக்குப் பக்கத்தில், பளபளவென்று துடைத்து, ஒன்றும் வைக்காமல், எல்லோரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்த அந்தத் தட்டு. மற்றது.

"பூச்சியம்," என்றாள் சாருஜா, சத்தமாக. பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார். காவலுக்கு இருந்த பெண்மணி உதட்டில் விரல் வைத்தாள்.

பூச்சியத்தை எத்தனை தரம் பெருக்கினாலும் பூச்சியம். ஆக முதலாவது கூற்றுக்கு மூன்று பேர், அதில் ஒருவர் இரட்டை. தனியாகப் போதாது. இரண்டாவதும் தனியாகப் போதாது, ஐந்தும் வரும், பத்தும் வரும். இரண்டையும் சேர்த்தால், பொருந்துகிற ஆள் ஒரே ஆள். அவர் இரட்டை. x ஒற்றை இல்லை. சேர்த்தால் போதும்.

டிக் போட்டாள். எல்லாம் முடிந்து, புள்ளியைக் காட்டுவதற்காகத் திரை வெள்ளையாகி நின்றது. புள்ளி வந்தது. கம்பனி கேட்டதற்கு மேல். ஒரு தரம் பார்த்தாள். சின்னராசாவைப் போல விரலை நீட்டி மறுபடியும் ஒருதரம் வாசித்துப் பார்த்தாள். மாறவில்லை.

வெளியே, வாசலில், அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றான் கிளறன்ஸ். நல்ல வேளையாகக் காற்சட்டை போட்டிருந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி நின்றான்.

"ஒரு வருசம்தான் எண்டு சொன்னீங்க, என்ன?" என்றான்.

"ஓம். ஒரு வருசம்தான்."

"அன்டைக்கு பஸ் வந்துட்டுது. பதில் சொல்லக் கிடைக்கல்ல."

"இப்ப பஸ் வரேல்லையே."

கிளறன்ஸ் வீதியை இரண்டு பக்கமும் பார்த்து உறுதி செய்துகொண்டான். "நான் நிக்கிறன். கட்டுநாயக்காவில ஏத்திவிட்டுட்டு, அங்கயே பாய் போட்டுப் படுக்கவும் ரெடி. அதுக்கு முதல் அன்ரியிட்ட வந்து கேக்கவா?"

"அம்மாவுக்கு முன்னால அந்தச் சொல்லு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ," என்றாள் சாருஜா. அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். அப்படித்தான் அவளும் சொன்னாள்.

* * *

ஒப்பந்தப்படி ஜீவராணி வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் உண்மையாகவே திறக்கவில்லை. வீட்டில் அப்பாதான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார். "அம்மா தேத்தண்ணியை மேசையில வைச்ச சத்தத்தின்ர அர்த்தம், குடி." மூன்றாம் நாள் அம்மா டொரொன்டோவுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்து, "பிள்ளைக்குப் படிப்பு முக்கியமாப் போச்சு, குறை நினைக்காதேங்கோ" என்றாள். போனை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தப் பெடியன்ர வீட்டாரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லு. பின்னேரம் நாலரைக்கு முதல் வரோணும். மூண்டு பேரா மட்டும் வரப்படாது, மூண்டு பேர் போற காரியம் சரிவராது."

கிளறன்ஸ் அந்தக் கட்டளையை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். அப்பா, அம்மா, தான், தங்கை சாமினி, சாமினியின் புருசன் ரெக்ஸ் என்று ஐந்து பேராக, நேரத்துக்கு முதலே, மூன்று மாடி ஏறி வந்து சேர்ந்தார்கள். ஒற்றை. சாருஜா கதவுக்குப் பின்னால் நின்று எண்ணி, பெருமூச்சு விட்டாள்.

அப்புறம்தான் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

கத்தோலிக்கக் குடும்பத்துக்குத் தட்டுச் சட்டம் தெரியாது. ஆனாலும் மரியாதைக்கு, கேட்டு விசாரித்து, தட்டில் வைத்தே கொண்டு வந்திருந்தார்கள். ஒரு தட்டில் கிளறன்ஸின் அம்மா தன் கையால் செய்த லவ் கேக். மற்றத் தட்டில் கோழிக்கூட்டு வாழைப்பழச் சீப்பு, பட்டு நாடா கட்டி. கிளறன்ஸ் பழங்களை எண்ணித்தான் வாங்கியிருந்தான், பதிமூன்று. தட்டுகளை எண்ண மறந்துவிட்டான். சனி ஞாயிறு முழுக்க ஒற்றை இரட்டை படிப்பிக்கிறவன்.

இரண்டு தட்டும் மேசையில் அமர்ந்தன. சாருஜா அம்மாவைப் பார்த்தாள். கிளறன்ஸ் சாருஜாவின் முகத்தைப் பார்த்து, மேசையைப் பார்த்து, ஒரு கணத்தில் வெளிறிப்போனான். அப்பா தொண்டையைச் செருமினார்.

ஜீவராணி தட்டுகளைப் பார்த்தாள். இடத்திலிருந்து எழுந்தாள். உள்ளே போனாள். குசினியில் அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கேக்கைத் திருப்பிக் கொடுக்கப் பை எடுக்கப் போனாளோ என்று சாருஜா நினைத்தாள். கிளறன்ஸின் அம்மா, "நாங்க ஏதும் பிழையா..." என்று தொடங்கினார்.

அம்மா வந்தாள். கையில் ஒரு பித்தளைத் தட்டு. புளி போட்டுத் துலக்கியது, கண் கூசியது. அதில் ஒன்றும் இல்லை. கேக்குக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் அதைக் கொண்டுபோய் வைத்தாள். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, விரலை நீட்டி எண்ணினாள்.

"லாபம். ரெண்டு. மூண்டு."

"அம்மா," என்றாள் சாருஜா, சத்தமில்லாமல், "அது மற்றதெல்லோ?"

"தட்டுத்தானேடி. கண் தெரியேல்லையே?" ஜீவராணி கிளறன்ஸ் பக்கம் திரும்பினாள். "தம்பி, அண்டைக்குச் சனத்துக்கு முன்னால இதுக்கு என்னவோ ஒரு பேர் சொன்னீர்."

கிளறன்ஸ் சாருஜாவைப் பார்த்தான். சாருஜா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். "இல்ல அன்ரி... அது..."

"சொல்லும். நான் காதைப் பொத்தேல்லை."

"பூச்சியம், அன்ரி."

"ஒற்றையோ, இரட்டையோ?"

"இரட்டை. ரெண்டால வகுபடும்."

அம்மா அந்தத் தட்டை ஒரு கணம் பார்த்தாள். விரல் நுனியால் விளிம்பில் இல்லாத தூசியைத் துடைத்தாள். "வீட்டுக்குள்ள வந்திட்டுது. இனி இருக்கட்டும்," என்றாள். "சாரு, வெற்றிலை எடுத்துக்கொண்டு வந்து இதில வை. பார்த்துக்கொண்டு நிக்கிறாய்."

"வெற்றிலை..." சாருஜா குசினிப் பக்கம் பார்த்தாள். காலையில்தான் கடைசி வெற்றிலையை அப்பா போட்டிருந்தார். "அம்மா, வெற்றிலை இல்லை."

முப்பது வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வசனம் அது. அப்பா பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். ஜீவராணி மகளைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், கடைசியாகக் கிளறன்ஸைப் பார்த்தாள்.

"தம்பி, கீழ கடை இருக்கு. ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வாரும். ஓட நல்லா வரும்தானே உமக்கு."

கிளறன்ஸ் ஏற்கெனவே இரண்டாம் மாடியில் இறங்கிக்கொண்டிருந்தான்.